ஒரு கிலோ தேயிலை, நாற்பது மாணவர்: மலையக வகுப்பறையில் உலகமயமாக்கல்

உலகமயமாக்கல் என்றால் என்ன என்று கேட்டால், உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானமோ புவியியலோ படித்து வந்த மாணவர் தடங்கலில்லாமல் சொல்லிவிடுவார். மூலதனமும் பண்டமும் மனிதரும் தகவலும் எல்லை தாண்டி நகர்தல், உலகம் ஒரு கிராமமாகச் சுருங்குதல், நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து. அடுத்த கேள்வியாக, 2014 டிசம்பரில் ரஷ்ய ரூபிள் சரிந்தபோது தலவாக்கலையில் உள்ள ஒரு தேயிலை ஸ்டோருக்கு (தோட்டத் தொழிற்சாலைக்கு) என்ன நடந்திருக்கும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அந்த அமைதியில் சேர்ந்தே இருப்பார்கள்.

இந்த நிகழ்வு ஆய்வு அந்த அமைதியை எடுத்துக்கொள்கிறது. இங்கே விவரிக்கும் வகுப்பு எந்த ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்பும் அல்ல. இலங்கையின் மலைநாட்டில் தமிழ்மொழி மூலம் நடக்கும் கலைப்பீட வகுப்புகளின் பொது நிலைமையை வைத்துக் கட்டியது: இரண்டாம் ஆண்டு, நாற்பது பேர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், மூன்று வாரம். செயல்வழிக் கற்றலுக்கு வெளியூரிலிருந்து உதாரணம் தேடவேண்டிய தேவை இங்கே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தேயிலை என்றதும் முடிவு என்னவென்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்: 'சுரண்டல்'. அந்தச் சொல் விடைத்தாளில் விழுந்துவிட்டால் அதன் பிறகு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விலை எந்த இடத்தில், யாரால், எப்போது தீர்மானிக்கப்படுகிறது என்பதை மாணவர் தாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாலன்றி உலகமயமாக்கல் அவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். மூன்று வாரத் திட்டமும் இதை நம்பியே அமைந்தது.

வகுப்பும் அதன் கலவையும்

நாற்பது பேரில் ஒரு பகுதியினர் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, அக்குறணை, புத்தளம் என்று பல ஊர்க்காரர். மேடைத் தமிழ் கைவந்தவர்கள் முதல் நாளே பேச்சைக் கைப்பற்றிக்கொள்வார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் தங்கள் பேச்சு நடையை நினைத்தே வாய் திறக்கத் தயங்குவார்கள். குழுவாகப் பேசச் சொன்னால் மட்டும் இது சரியாகாது. எந்தக் குழுவிலும் பேசுகிறவரே பேசிக்கொண்டிருப்பார்.

எலியட் அரோன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரப் பாடசாலைகளில் ஜிக்சோ முறையை வகுத்ததும் இப்படியொரு சூழலில்தான். இனவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் அமர்ந்த காலம் அது. ஆளுக்கொரு துண்டுத் தகவலைக் கொடுத்து, மற்றவரிடம் இருப்பது கிடைக்காமல் யாருக்கும் வேலை முடியாதபடி அவர் செய்தார். மூன்று வாரத்திலும் இந்த விதி மட்டும் மாறுவதில்லை: எந்த மாணவர் கையிலும் முழுத் தகவல் இருக்கக்கூடாது.

முதல் வாரம்: கயிறும் அட்டைகளும்

தேவை பத்து மீற்றர் நைலோன் கயிறு, உடுப்புக் கொழுவும் கிளிப்புகள், அரை ஏ4 அளவில் பன்னிரண்டு அட்டைகள். அட்டைகளில் ஆண்டு எழுதக்கூடாது, நிகழ்வு மட்டும்தான். கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது (1869). லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது (1867). கொழும்பில் முதல் தேயிலை ஏலம் (1883). பிரஜாவுரிமைச் சட்டம் (1948). சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் (1964). கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை ஆனது (1975). திறந்த பொருளாதாரம் (1977). தோட்ட முகாமை மீண்டும் கம்பனிகளிடம் போனது (1992). லண்டன் தேயிலை ஏலம் மூடப்பட்டது (1998). ஆடை ஏற்றுமதிக்கான பல்நார் ஒப்பந்தக் கோட்டா முடிந்தது (2005). இரசாயன உரத் தடை (2021). வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது (2022).

வரிசைப்படுத்த இருபது நிமிடம். பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிவப்புக் கிளிப் கொடுத்து, உலகமயமாக்கல் தொடங்கியது எங்கே என்று குத்தச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கிளிப்புகள் 1977இல் விழும், ஏனென்றால் பாடப்புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது. அப்போது விரிவுரையாளர் திருத்தம் சொல்லக்கூடாது. கயிற்றில் 1977க்கு இடப்பக்கம் தொங்கும் அட்டைகளைக் காட்டி, இவற்றில் எல்லை தாண்டியவை எவை என்று மட்டும் கேட்டால் போதும். பூஞ்சை, விதை, மூலதனம், கூலியாட்கள் எல்லாமே தாண்டியவைதான். 1964 ஒப்பந்தம், பிரஜாவுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் வழக்கமாகவே மறுபக்கத்துக்குச் சாய்வார்: அப்படியென்றால் உலகமயமாக்கல் கோப்பித் தோட்டத்துக்குத் தென்னிந்தியக் கூலியாட்கள் வரத்தொடங்கிய 1823இலிருந்தே நேர்கோடாக வந்துகொண்டிருக்கிறது என்பார். அதுவும் பிழை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது, தோட்டங்கள் அரசிடம் வந்தன, கயிறு பின்னுக்கு இழுபட்டது. இணைப்பு கூடும், குறையும், மறுபடி கூடும். முதல் வாரத்தில் இவ்வளவு பிடிபட்டாலே போதும்.

இரண்டாம் வாரம்: ஒரு கிலோவின் கணக்கு

இதற்கு நான்கு பேர் கொண்ட பத்துக் குழு. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு: ஒருவரிடம் சம்பளமும் கிலோவும், ஒருவரிடம் ஸ்டோர் விவரம், ஒருவரிடம் ஏல விலை, ஒருவரிடம் வெளிநாட்டுக் கடை விலை. மேசைக்கு 50 கிராம் தேயிலையும் ஒரு தேயிலைப் பையும் வைத்தால் அளவு கண்ணுக்குப் புலப்படும்.

அடிப்படை எண்கள் இவை. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாட்பேர் (ஒரு முழு நாளுக்கான வேலைப்பதிவு) கிடைக்க எடுக்கவேண்டிய கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். கணக்குக்கு 18 கிலோ வைத்துக்கொள்ளலாம். நாள் சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபா ஆனது. தொழில்தருநரின் ஊழியர் சேமலாப நிதிப் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். ஆக, ஒரு பேருக்குக் கம்பனியின் செலவு 1,150 ரூபா. அதை 18ஆல் வகுத்து 4.5ஆல் பெருக்கினால், ஒரு கிலோ தூளில் கொழுந்தெடுக்கும் கூலி 287.50 ரூபா.

அடுத்ததாக 18ஐ மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். 14 கிலோ என்றால் கூலிச்செலவு 370 ரூபாவுக்குக் கிட்ட வரும். 24 கிலோ என்றால் 216க்கு இறங்கும். சம்பளத்தில் ஒரு சதம்கூட மாறவில்லை, செலவு மட்டும் நூற்றைம்பது ரூபாவால் ஆடுகிறது. சம்பளப் பேச்சுவார்த்தை ஒவ்வொரு முறையும் கிலோவில் போய் முட்டி நிற்பது ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை, வகுப்பே சொல்லிவிடும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழிவு போட்டால், 20 எடுத்தவருக்கு 18தான் பதியப்படும். கழிவுச் சண்டை வெறும் வாய்ச்சண்டை அல்ல என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும்.

மறுமுனையில் தேயிலைப் பை இருக்கிறது. பையொன்றில் 2 கிராம், கிலோவுக்கு 500 பை. 100 பை கொண்ட பெட்டி 200 கிராம், ஐந்து பெட்டி ஒரு கிலோ. மாணவர் போனில் வெளிநாட்டுப் பல்பொருள் அங்காடி ஒன்றின் விலையைப் பார்த்து, அன்றைய மத்திய வங்கி நாணய வீதத்தில் ரூபாவாக்குவார்கள். வரும் தொகை பெரியது. வகுப்பில் சத்தம் எழுவதும் இப்போதுதான்.

வழக்கமாகப் பிழை நேரும் இடமும் இதுதான். கடை விலையிலிருந்து 287.50ஐக் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் கொள்ளை என்று எழுதிவிடுவார்கள். ஸ்டோரின் விறகு, மின்சாரம், உத்தியோகத்தர் சம்பளம், லொறி, தரகர் கழிவு, கலப்பு, பை, பெட்டி, கப்பல், விளம்பரம், அங்காடியின் இலாபம், அந்நாட்டு வரி எல்லாம் அந்த மிச்சத்துக்குள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். தொகை தெரியாத கட்டத்தை வெற்றுப் பெட்டியாக விடச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வெற்றுப் பெட்டிகள் கப்பல் ஏறியதற்குப் பிறகுதான் வரும். அந்தப் பெட்டிகளுக்குள் தாமே இறங்க வேண்டும் என்றுதான், இங்கேயே பொதி செய்து சொந்தப் பெயரில் விற்கும் முயற்சியைச் சில இலங்கையர் மேற்கொண்டார்கள். 1980களில் ஆஸ்திரேலியச் சந்தைக்குப் போன தில்மா அதற்கு நல்ல உதாரணம்.

இன்னொரு பிழை இலேசில் கண்ணில் படாது. பிரித்தானியக் கடையிலுள்ள மலிவான பை பெரும்பாலும் கலப்புத் தேயிலை, அதில் கென்யத் தூளே அதிகம் இருக்கலாம். அதன் விலையைக் கொழும்பு ஏலத்தோடு நேராக ஒப்பிட்டால் கணக்குப் பொய்யாகும். பெட்டியில் 'சிலோன்' என்று இருப்பதை மட்டும் எடுக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சம்பள எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு கட்டாயம் இருக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனபோது அதே 18 கிலோவுக்குக் கூலிச்செலவு 388 ரூபாவானது. ஆண்டு இல்லாத எண்ணை ஏற்பதே இல்லை என்று ஒரு முறை கண்டிப்பாக நின்றால், அந்தப் பழக்கம் மற்றப் பாடங்களுக்கும் போகும்.

மூன்றாம் வாரம்: ஏலம்

ஆயத்தம் அதிகம் வேண்டியது இதற்குத்தான். நாற்பது பேரும் இப்படிப் பிரிவார்கள்: நான்கு ஸ்டோர்கள், நான்கு பேர் வீதம் 16. இரண்டு தரகர் குழு, மூன்று பேர் வீதம் 6. ஆறு கொள்வனவுக் குழு, மூன்று பேர் வீதம் 18. கொள்வனவுக் குழுக்கள் ஈராக், துருக்கி, ரஷ்யா, அமீரகம், ஜப்பான், ஜெர்மனி ஆகிய சந்தைகளுக்கு வாங்குகின்றன. உண்மையில் ஏலம் கேட்பவர்கள் கொழும்பு ஏற்றுமதிக் கம்பனிக்காரர்கள்தான், ஈராக்கியர் வந்து அமர்வதில்லை. இதைச் சொல்லாவிட்டால் மாணவர் தவறான படத்தோடு போவார்கள். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கோடு கொழும்பு ஏலம் இணையத்துக்கு மாறியது. வகுப்பில் மட்டும் வாயால் கூவி ஏலம் நடக்கட்டும், அப்போதுதான் விலை ஏறுவது காதில் விழும்.

ஸ்டோருக்கு மூன்று லொட் (ஒன்றாக ஏலம் விடும் தேயிலைத் தொகுதி), மொத்தம் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 1,000 கிலோ. பட்டியலில் மேல்நாட்டுத் தேயிலையும் இடைநாட்டும் தாழ்நாட்டும் கலந்திருக்க வேண்டும். இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ அறுபது வீதம் 600 மீற்றருக்குக் கீழே, பெரும்பாலும் தெற்கின் சிறுதோட்டக்காரர் கையில் விளைவது. தேயிலை என்றால் மலையகம் மட்டும்தான் என்று நினைக்கும் மலையகப் பிள்ளைக்கும் இது புதுச்செய்திதான்.

கொள்வனவுக் குழுவின் இரகசிய அட்டையில் எத்தனை லொட் வேண்டும், கிலோவுக்கு அதிகபட்சம் எத்தனை டொலர் என்று மட்டும் இருக்கும். டொலர் எல்லை 3.00 முதல் 3.60 வரை. ஏலம் ரூபாவில் நடக்கும், கொழும்பு ஏலம் அப்படித்தான். மொம்பாசாவில் டொலரில் நடக்கிறது. முதற்சுற்றில் டொலருக்கு 200 ரூபா என்று பலகையில் எழுதிவிட வேண்டும்.

ஏலம் உயிரோடு நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எண். எல்லா அட்டைகளிலும் உள்ள தேவையைக் கூட்டினால் பட்டியலிலுள்ள லொட்டைவிட இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினான்கு. தேவையும் பன்னிரண்டாகவே இருந்தால் எல்லோரும் ஆரம்ப விலையிலேயே வாங்கிவிட்டுச் சும்மா இருப்பார்கள், விலை அசையாது. தேவை பதினெட்டுக்குப் போனால் முதல் நான்கு லொட்டிலேயே எல்லோரும் எல்லையைத் தொட்டு முடித்துவிடுவார்கள்.

இரண்டாவது ஆபத்து, கையில் இருப்பது பொய்க்காசு என்பது. தோழன் ஸ்டோரிடம் விலையைப் பாராமல் வாங்குவார்கள். அதற்குப் புள்ளி விதி வேண்டும்: எல்லைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசமே குழுவின் இலாபம், நிறைவேறாத லொட் ஒவ்வொன்றுக்கும் தண்டம். ஸ்டோருக்கும் கிலோவுக்கு 560 ரூபா என்று ஒரு உற்பத்திச் செலவு உண்டு. விலை பிடிக்காவிட்டால் லொட்டை மீளப் பெறலாம், ஆனால் வங்கி வட்டியாக 15 ரூபா சேரும். இந்த 560ம் 15ம் டொலர் எல்லையும் வகுப்புக்காக வைத்தவை என்பதை அட்டையிலேயே எழுதிவிட வேண்டும்.

லொட்டுக்கு 45 விநாடி, சுற்றுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். ஏலம் கூறுபவராகத் தரகர் குழுவில் உரத்த குரல்காரரைப் போடுவது வழக்கம். குரல் இல்லாவிட்டாலும் எண்ணில் தடுமாறாதவரே மேல். வெளியில் மழை கொட்டும் மாதங்களில் தகரக்கூரை மண்டபத்தில் விலை கேட்காது, கையில் ஒரு மணி இருக்கட்டும்.

இரண்டாம் சுற்றுக்கு முன் அதிர்ச்சி அட்டை. மிகவும் பயன்பட்டது 2017 டிசம்பர் அட்டை. இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு இருந்ததென்று ரஷ்யா இறக்குமதியை இடைநிறுத்தியது. இலங்கை அப்போது 2018 முதல் அஸ்பெஸ்டசைத் தடைசெய்யத் திட்டமிட்டிருந்தது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு. சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போடப்பட்டது, தேயிலைத் தடை நீங்கியது. அட்டையை வாசித்ததும் ரஷ்யக் குழு விலகும், தேவை ஒன்பது லொட்டாக விழும், மூன்று லொட் விலைபோகாமல் கிடக்கும். லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கூரையில் கிடக்கும் அஸ்பெஸ்டஸ் தகட்டுக்கும் ஏலத்துக்கும் தொடர்பு இருந்ததா என்று வகுப்பு அப்போது நிமிர்ந்து உட்காரும். வண்டும் அஸ்பெஸ்டசும் ஒன்றுக்கொன்று பதிலா, தற்செயலா என்பதை விரிவுரையாளர் தீர்ப்பாகச் சொல்லாமல் விவாதத்துக்கு விடுவதே நேர்மை.

மாற்று அட்டையாக ஈரானை வைக்கலாம்: 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையால் அடைக்க 2021 டிசம்பரில் இணக்கம் ஏற்பட்டது. காசில்லாத உலக வணிகம் என்பதைக் காட்ட இதைவிட நல்ல அட்டை கிடைக்காது.

மூன்றாம் சுற்று 2022. டொலர் 360 ரூபா. கொள்வனவுக் குழுக்களின் டொலர் எல்லை மாறாது. லொட் பன்னிரண்டிலிருந்து பத்தாகக் குறையும். உரத் தடைக்குப் பின் உற்பத்தி ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவிலிருந்து 250க்கு விழுந்ததற்கு இதுவே சரியான அளவு. விலை 1,100, 1,200 என்று ஓடும், ஸ்டோர்க் குழுக்கள் கைதட்டும். உண்மை ஏலத்திலும் 2021இல் 620 ரூபா அளவில் இருந்த சராசரி 2022இல் 1,270 அளவுக்கு இரட்டிப்பானது.

கைதட்டல் அடங்கியதும், முதற்சுற்றுக்கு முன்பே மேசைக்கு வைத்த ஒட்டிய உறையைத் திறக்கச் சொல்ல வேண்டும். மூன்று சுற்றுக்கும் நாள் சம்பளம் உள்ளே எழுதியிருக்கும்: 1,000, 1,000, 1,000. முன்வாரத் தாளை எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். 620இல் 287.50 என்றால் 46 வீதம். 1,270இல் 23 வீதத்துக்கும் குறைவு.

"மிஸ், அப்ப விலை கூடினது எங்க போச்சு?"

பதில் சொல்லிவிட ஆசை வரும். சொல்லாமல் இரண்டு துண்டு கொடுக்க வேண்டும். ஒன்று, உரமில்லாத மலையில் 18 கிலோ கிடைக்காது. 12 கிலோதான் வந்தது, பேரும் முழுதாகப் போட்டார்கள் என்று வைத்தால் கூலிச்செலவு 431 ரூபா, பங்கு 34 வீதம். கிலோ குறைந்ததற்கு அரைப்பேர் (அரை நாள் பதிவு) போட்டால் கணக்கு வேறு. மற்றது, உரமும் டீசலும் டொலரில் வாங்குவன. இரண்டையும் சேர்த்த பிறகும் விடை ஒன்றாக வராது, வரவும் கூடாது. 2014-15இல் விலை விழுந்தபோது நாள் சம்பளம் விழவில்லை என்று யாராவது எழுந்து சொன்னால் அதற்கும் முழு இடம் கொடுக்க வேண்டும். நிலைத்த சம்பளம் வீழ்ச்சியில் கவசம், ஏற்றத்தில் பூட்டு. இந்தக் கலந்துரையாடலுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்காவிட்டால் ஏலம் வெறும் விளையாட்டாகவே முடியும். நேரம் போதாவிட்டால் இரண்டாம் சுற்றைக் கைவிடலாம், உறையை விடக்கூடாது.

யாரைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது

தோட்டத்துப் பிள்ளையைப் பார்த்து 'உங்க அம்மா எவ்வளவு எடுப்பாங்க?' என்று வகுப்பில் கேட்பது பெரிய தவறு. அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான், ஆனாலும் அந்த நிமிடத்திலிருந்து அவர் மாணவர் அல்ல, சாட்சி. எல்லா வேடமும் சீட்டுக் குலுக்கியே கொடுக்க வேண்டும். பொகவந்தலாவைப் பிள்ளை ஜப்பானுக்கு வாங்கட்டும், பருத்தித்துறைப் பிள்ளை ஸ்டோர் நடத்தட்டும். தெரிந்ததைச் சொல்ல விரும்பினால் அவராகவே சொல்வார். பெரட்டும் (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) கழிவும் அரைப்பேரும் பேச்சில் வந்து விழும்போது, யாழ்ப்பாணத்து நண்பர் முதன்முறையாகக் கேட்பவராகிறார். அது தானாக நடந்தால்தான் மதிப்பு.

இதே காரணத்துக்காக லயத்துக்கு வகுப்பாகப் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்டோருக்குப் போகலாம். காலையில் போனால் வாட்டும் தட்டு, உருட்டல், புளிக்கவைத்தல், உலர்த்தல், சலித்தல் எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்க்கலாம். வாட்டுவதற்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிப்பதால், பார்க்கும் தூள் முதல்நாள் கொழுந்து என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்.

புள்ளியிடல்

ஒப்படை 600 சொல். ஒரு அதிர்ச்சியை எடுத்து, அது மூன்று பேரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எழுத வேண்டும். மூவரில் ஒருவர் வெளிநாட்டவர். ஆண்டோடு கூடிய எண்களுக்குப் புள்ளி, காரணச் சங்கிலியில் அறுந்த கண்ணி இல்லாமைக்குப் புள்ளி, தம் கருத்துக்கு எதிராகப் போகும் ஒரு தகவலைத் தாமே வைத்ததற்குப் புள்ளி. கடைசியானதற்குத்தான் பலரும் புள்ளி இழப்பார்கள். குழுவினர் ஒருவருக்கொருவர் புள்ளியிடும் முறை இங்கே எடுபடாது, எல்லோரும் எல்லோருக்கும் பத்துக்கு ஒன்பது போட்டுவிடுவார்கள்.

தரகர் நிறுவனங்களின் வாராந்த அறிக்கைகள் இணையத்தில் இலவசம், ஆங்கிலத்தில். உரையை விட்டு அட்டவணையை மட்டும் கொடுத்தால் ஆங்கிலம் தயங்குபவரும் வாசிப்பார்.

இந்தத் திட்டத்தின் பலவீனம் தேயிலையே. மூன்று வாரம் முடிந்ததும் உலகமயமாக்கல் என்றால் ஏலம் என்று நினைக்கும் மாணவர் சிலர் இருப்பார்கள். தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வளைகுடா வீடுகளுக்கும் போகும் உழைப்பை இந்த ஏலம் தொடுவதில்லை. நான்காவது வாரம் கிடைத்தால் அதற்கே ஒதுக்கலாம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் இறக்குமதி வரிச் சலுகை 2005இல் கிடைத்தது, 2010இல் நிறுத்தப்பட்டது, 2017இல் திரும்பி வந்தது. ஒரு தையல் தொழிற்சாலையின் கட்டளைப் புத்தகத்தில் இந்த மூன்று ஆண்டும் என்ன செய்திருக்கும் என்ற கேள்வியோடு அதே ஜிக்சோவை நடத்தலாம். வீட்டுப்பணிக்குப் போன தாய்மாரைப் பற்றியதானால் மேலே சொன்ன சாட்சி விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரகசிய அட்டைகளை ஒவ்வொரு அணிக்கும் மாற்ற வேண்டும். மூத்த மாணவர் ஏலம் முடிந்த அன்றே அவற்றைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் தம்பி தங்கைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். டொலர் எல்லையை இருபது சதம் கூட்டிக் குறைத்து, எந்தச் சந்தைக்கு எத்தனை லொட் என்பதையும் இடம் மாற்றினால் போதும், கூட்டுத்தொகை மட்டும் பதினான்காகவே நிற்க வேண்டும். உறையிலுள்ள சம்பளத்தை மாற்றத் தேவையில்லை. அது தெரிந்து வந்தவர்களும் ஏலச்சூட்டில் மூன்றாம் சுற்றுவரை அதை மறந்தேவிடுகிறார்கள்.